கூட்டுக் குடிநீர்

ஒற்றைக்கல் மலைக்குக் குழாய் வந்த வருஷம் மழையும் வந்தது, பலாவும் காய்த்தது, யானையும் வழக்கம்போல வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போனது, ஆனாலும் மலைக்காரர்கள் அந்த வருஷத்தை நாக்கு இரண்டான வருஷம் என்றுதான் சொல்கிறார்கள். அடிவாரத்து ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றி, பதினேழு வளைவு தாண்டி, பஸ் நிற்கும் புளியமரத்தடியில் ஒரு சிமென்ட் தொட்டியில் வந்து விழுந்த அந்தத் தண்ணீருக்கு, கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று நீலப் பலகையில் பெயர் எழுதியிருந்தது. முதல் குடத்தைப் பிடித்துக் குடித்தவள் சடச்சி. உப்பு, துணி, பஸ் என்று பத்துத் தமிழ்ச் சொல்லுக்கு மேல் அதுவரை அறியாதவள், குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி நல்லாத்தான் இருக்குதுங்க, கொஞ்சம் மருந்து வாசம் அடிக்குது" என்றாள், அடிவாரத்துக்காரர்களின் அந்த 'ங்க' உட்பட.

தமிழ் வந்த வழியிலேயே அவளுடைய சொந்த மொழி போய்விட்டிருந்தது. அந்த மொழிக்கு ஊலி என்று பெயர், உச்சிப்பாறை இடுக்கில் கசியும் ஊற்றுக்கும் ஊலி என்றே பெயர், பேச்சுக்கும் ஊற்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டுமென்று அந்த ஜனங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பதறிப்போய்ச் சடச்சியை ஊற்றுக்கு இழுத்துப்போய் மூன்று வாய் நிறைய ஊலித் தண்ணீர் கொடுத்தார்கள், தமிழ் இறங்கிப் போய் ஊலி ஏறிக்கொண்டது. விஷயம் இவ்வளவுதான் என்று தெரிந்ததும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பாத்திரம் வந்துவிட்டது, ஊலிக்குச் சுரைக்குடுக்கை, கூட்டுத் தண்ணிக்கு நீல பிளாஸ்டிக் குடம். ரேஷன் கடைக்கு இறங்குகிறவன் புளியமரத்தடியில் ஒரு டம்ளர் கூட்டுத் தண்ணி குடித்து இறங்கினான், ஏறி வந்ததும் வீட்டு வாசலில் பெண்டாட்டி நீட்டும் குடுக்கையில் மூன்று வாய் குடித்து உள்ளே நுழைந்தான், குடிக்காமல் நுழைந்தவன் பேச்சை அவன் வீட்டு நாய்கூடக் கேட்கவில்லை. மாமியார் திட்டத் தொடங்கும்போதே நீலக் குடத்தைச் சாய்த்துக் குடித்துவிட்டு ஒன்றும் புரியாமல் சிரிக்கிற சாமர்த்தியம் மருமகள்களுக்கு இரண்டாம் மாதமே வந்தது. தண்ணீரைச் சோதிக்க வந்த அதிகாரி இரண்டையும் பாட்டிலில் பிடித்துப்போய், இரண்டுமே குடிக்க உகந்தவை என்று சீட்டு அனுப்பினார். ஊலியை ஆராய வந்த ஒரு பேராசிரியர் மரியாதைக்கு ஊற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்து, தான் எதற்கு வந்தோம் என்பதைத் தமிழோடு சேர்த்து மறந்து, மூன்று நாள் சந்தோஷமாகத் தேனெடுக்கப் போனார். நான்காம் நாள் அவருடைய மனைவி வந்து கூட்டுத் தண்ணி கொடுத்து அழைத்துப்போனாள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மொழி போகும்போது அதற்குள் இருந்த வேலையையும் கூட்டிக்கொண்டு போனது. கூட்டுத் தண்ணி குடித்திருக்கும்போது தேனடையை எப்படி இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை, ஊலி குடித்திருக்கும்போது கையெழுத்துப் போட வரவில்லை. இரண்டையும் கலந்து குடித்தால் என்ன என்று இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு குடத்தில் பாதிக்குப் பாதி ஊற்றிக் குடித்தார்கள். ஒரு மூச்சு நேரம் அவர்கள் பேசியது ஊலிக்காரர்களுக்கும் புரிந்தது, தமிழ்க்காரர்களுக்கும் புரிந்தது, அப்புறம் இருவருக்கும் எந்தப் பேச்சும் இல்லை. தம்பிக்குப் பதினோராம் நாள் பேச்சு திரும்பியது. அண்ணன் எந்தத் தண்ணியைக் குடித்தும் பேச்சு வராமல் இன்றுவரை ஆடு மேய்த்துக்கொண்டு மரம்போல நிற்கிறான். இரண்டு தண்ணியும் ஒரே பாத்திரத்தில் விழக் கூடாது என்று ஊர் மூப்பன் கட்டுப்பாடு போட்டார், அதற்குப் பிறகு யாரும் துணியவில்லை.

சடச்சிக்குத் தமிழ் வேண்டியிருந்ததற்குக் காரணம் இருந்தது. குழாய் வருவதற்கு முந்தின ஆவணியில் அவள் புருஷன் கெம்பனைப் பாம்பு கடித்தது. தூளி கட்டி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். என்ன பாம்பு என்று கேட்டார்கள், கெம்பன் அதன் பெயரையும் நிறத்தையும் எந்தப் புதரில் கிடந்தது என்பதையும் நான்கு தடவை தெளிவாக, பொறுமையாக, ஊலியில் சொன்னான். உச்சிப்பொழுதுக்குள் செத்துப்போனான். அவர்கள் கொடுத்த தாளை வெகுநாள் மடியில் வைத்திருந்து பிறகு ஒருவனிடம் படிக்கச் சொன்னாள் சடச்சி, 'நோயாளி புலம்புகிறார்' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரி அவளை அரித்துத் தின்றது.

அதனால்தான் ஐந்து வயதிலேயே மகள் தும்பியை அடிவாரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பினாள். தும்பி என்றால் பூச்சியல்லவா என்று விடுதியில் துர்காதேவி என்று எழுதிக்கொண்டார்கள், போகட்டும் என்று விட்டாள். பிள்ளை அங்கே கூட்டுத் தண்ணி குடித்துத் தமிழில் படித்தது, கணக்கில் முதலாவதாக வந்தது. ஒவ்வொரு லீவுக்கும் சடச்சி குடுக்கையோடு புளியமரத்தடியில் நிற்பாள், பஸ்ஸிலிருந்து இறங்குவது துர்காதேவி, மூன்று வாய் குடித்து நிமிர்வது தும்பி. வயிறு வளர்க்க ஒரு வாய், உயிர் வளர்க்க ஒரு வாய், இரண்டும் பிள்ளைக்கு இருக்கட்டும் என்று நினைத்தாள், ஆறு வருஷம் அது நடக்கவும் செய்தது.

ஊற்றுக்கு ஒரு முறை உண்டு. நீர் மொள்ளுகிறவள் முதலில் அன்றைய சேதியை அதனிடம் சொல்ல வேண்டும், எவளுக்குப் பிள்ளை பிறந்தது, எவன் ஆடு தொலைந்தது, எல்லாம். பஸ் வசதி வந்து, வேலையும் கீழே இருக்க, திரும்பி வந்து குடுக்கை வாங்குவது ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை என்றானது. சேதி சொல்ல ஆள் குறையக் குறைய ஊற்றும் குறைந்தது. தும்பிக்குப் பதினோரு வயதான சித்திரையில் அது சொட்டாகிவிட்டது. ஒரு தரம் போன ஊலியைத் திருப்ப மூன்று வாய் வேண்டும், மூன்று வாய் நீர் சேர ஒரு வீட்டுக்கு ஆறு நாள் ஆனது. இனிக் கூட்டுத் தண்ணி குடித்தால் திரும்ப வழியில்லை என்று தெரிந்துபோய், ஊலியில் இருந்தவர்கள் பலாச்சுளையைச் சப்பிக்கொண்டு தாகத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்தார்கள். உதடு வெடித்துப்போய், நாக்கு தடித்துப்போய், பாறையடியில் நாளெல்லாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. ஒரு காலையில் நாற்பத்திரண்டு பேர் ஊலியில் இருந்தார்கள், சாயங்காலம் முப்பத்தொன்பது. எழுந்து போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் அடுத்து யார் என்று யாருக்கும் தெரியாது.

சடச்சி ஆறு நாளாகத் தன் பங்கைக் குடிக்காமல் குடுக்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாய்க்குக் கொஞ்சம் குறைந்தபோது பஸ் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டது, தும்பி வாசலில் நின்றாள். "பசிக்குதும்மா" என்றாள். சடச்சிக்கு அந்தச் சொல் புரியவில்லை, வயிற்றைத் தொட்ட கை புரிந்தது.

அந்த மலையில் காட்டுக் கிழங்கு ஒன்று உண்டு. தோண்டி எடுத்தபடி இருந்தால் அது குர்ரு, விஷம். சீவி, கூடையில் கட்டி, ஏழு நாள் ஓடும் நீரில் போட்டு எடுத்தால் அது நீளெ, சாப்பாடு. ஒரே கிழங்கு ஒரு வாரத்தில் வேறு பொருளாகிவிடுவதால் ஊலியில் அதற்கு இரண்டு பெயர், தமிழில் இரண்டும் கிழங்குதான். சடச்சி, பானைக்குள் நீளெ இருக்கிறது, எடுத்துத் தின்னு, கூடையில் இருக்கிற குர்ருவைத் தொடாதே என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் தாயின் பேச்சுக்கு ஆட்டுவதுபோலத் தும்பியும் தலையை ஆட்டினாள். மகள் தலையாட்டியதை நம்பி, குறைகிற வாய்க்கு நீர் வாங்கிவரத் தாய் பாறைக்கு ஓடினாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளை தன் வாயால் பேசும் என்ற ஆசையில்.

நிறைந்த குடுக்கையோடு திரும்பியபோது அடுப்பில் குர்ருவின் தோல் கிடந்தது. சுட்டுத் தின்றிருந்தாள். தாடை இறுகி, கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்க, தும்பி தரையில் கிடந்தாள்.

மிளகு மூட்டை ஏற்றப் போன ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஓட்டியவன் கெஞ்சன், சொந்தத்துப் பையன்தான், நான்கு வருஷமாகக் கூட்டுத் தண்ணியிலேயே இருப்பவன், சடச்சி கதறியதில் ஒரு சொல் அவனுக்குப் புரியவில்லை. பதினேழு வளைவிலும் அவள் மகளை ஒரு கையிலும் குடுக்கையை மறு கையிலும் பிடித்திருந்தாள். குடுக்கையை ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

கெம்பனைக் கிடத்திய அதே ஆஸ்பத்திரி, அதே நீளமான தாழ்வாரம், கோடியில் ஒரு குழாய், அதன் மேல் குடிநீர் என்ற எழுத்து. இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று சடச்சி நேராக அந்தக் குழாய்க்கு ஓடி வயிறு முட்டக் குடித்தாள், தமிழோடு டாக்டரிடம் வந்தாள். இளவயது டாக்டரம்மா, முகத்தில் தூக்கமில்லாத களை, கை மட்டும் நிற்காமல் வேலை செய்தது. பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

"கிழங்குங்க."

"என்ன கிழங்கும்மா?"

"காட்டுக் கிழங்குங்க. நாங்க எப்பவும் திங்கறதுதானுங்க."

எப்போதும் தின்கிற கிழங்கு இப்படி இழுக்காதே, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எதையாவது குடித்தாளா, நன்றாக யோசித்துச் சொல் என்றார் டாக்டரம்மா, நர்ஸிடம் அதற்கான ஊசியை எடுத்து வைக்கவும் சொன்னார். சடச்சி யோசித்தாள். கிழங்கில் ஏதோ இரண்டு உண்டு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஏதோ ஒரு வேலை உண்டு, அவள் வாழ்நாளெல்லாம் தன் கையால் செய்த வேலை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோலத் தேடிப் பார்த்தாள், அந்த இடம் வெறுமையாக இருந்தது. இல்லை என்றும் சொல்ல முடியாமல், உண்டு என்றும் சொல்ல முடியாமல், "கிழங்குதானுங்க, கிழங்குதானுங்க" என்று கையைப் பிசைந்தாள்.

பிறகு குடுக்கையைத் திறந்து மூன்று வாய் குடித்தாள். எல்லாம் திரும்பி வந்தது, குர்ரு, நீளெ, கூடை, ஓடும் நீர், ஏழு நாள். சொன்னாள். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஏழு விரலைக் காட்டினாள், நீரில் அலசுவதுபோலக் கையை ஆட்டிக் காட்டினாள். நர்ஸ் பரிதாபப்பட்டு, கை கழுவ வேண்டுமா, குழாய் அந்தப் பக்கம் என்று காட்டிவிட்டு, தாளில் ஏதோ எழுதினாள். எழுத்து தெரியாவிட்டாலும் அந்த வரியைச் சடச்சிக்குத் தெரியும். மடியில் வருஷக்கணக்காக வைத்திருந்த வரியின் அதே நீளம், அதே சுழி. கட்டிலில் பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

குடுக்கையின் அடியில் ஒரு மடக்கு ஊலி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆடு மேய்க்கும் அந்த அண்ணன்காரன் நினைவுக்கு வந்தான், அவனுடைய மரம்போன்ற நிற்பு நினைவுக்கு வந்தது. கெம்பனுக்கு இந்த வழி இருந்ததில்லை. சடச்சி குழாய்க்கு ஓடி, ஊலியின் மேலேயே கூட்டுத் தண்ணியைப் பிடித்து, நிறையும்வரைகூடப் பொறுக்காமல், நடந்துகொண்டே குடித்தபடி கட்டிலுக்கு வந்தாள்.

"எழுதிக்குங்க தாயீ," என்றாள், "குர்ருன்னா கழுவாத கிழங்கு. ஏழு நாளு ஓடற தண்ணியில போட்டாத்தான் நஞ்சு போகும், போடாதது குர்ரு. எம்புள்ள அதத் தின்னுபோட்டா. எனக்கு இனிமே பேச்சு வராதுங்க, இப்பவே எழுதிக்குங்க."

டாக்டரம்மா எழுதினார். அந்தக் கிழங்குக்கு வேறு பெயர் அவருக்கும் தெரியாததால் காதில் விழுந்தபடியே குர்ரு என்று தமிழில் எழுதி, அதன் கீழே, 'ஏழு நாள் ஓடும் நீரில் போடாத கிழங்கு, விஷம்' என்று எழுதினார். ஊலிச் சொல் ஒன்று தாளில் ஏறியது அதுதான் முதல் தடவை. எடுத்து வைத்த ஊசியைத் தள்ளிவிட்டு வேறு மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். சடச்சி சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், யார் பேசியதும் அவளுக்கு மழைச் சத்தம்போல இருந்தது.

மூன்றாம் நாள் தும்பி எழுந்து உட்கார்ந்தாள். அம்மா அம்மா என்றாள், சடச்சி பார்த்தாள், தடவினாள், வாயைத் திறந்து திறந்து மூடினாள், அவ்வளவுதான். நடந்ததையெல்லாம் நர்ஸ் சொல்லக் கேட்டுப் பிள்ளை பயந்து அழுதாள். நாலாம் நாள் ஒரு கையில் பன்னோடு, கட்டிலில் தொங்கிய தாளை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். "குர்ரு" என்றாள்.

சடச்சி பாய்ந்து வந்து பன்னைத் தட்டிவிட்டாள். பிள்ளையின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு "குர்ரு" என்று தானும் சொன்னாள். எந்தத் தண்ணீரும் குடிக்காமல் வந்த சொல் அது. தாய்க்கும் மகளுக்கும் பொதுவாக உலகத்தில் இருந்தது அந்த ஒரு சொல்தான், அதுவும் விஷத்தின் பெயர். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

மலைக்குத் திரும்பியபோது ஊலியில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். அப்படியானால் கழுவினதற்குப் பெயர் என்ன என்று தும்பி கேட்டாள். கெஞ்சனுக்கு அந்தச் சொல் போய் நான்கு வருஷமாகியிருந்தது. பாறையடியில் இருந்தவர்களுக்குச் சொல் இருந்தது, அவள் கேட்டது புரியவில்லை. பதினோரு நாள் கடந்தும் சடச்சிக்கு எதுவும் திரும்பவில்லை. குடித்தால் வருவதைக் கற்றுக்கொள்ள உட்காருவது என்ற பழக்கமே அந்த மலையில் இல்லாமல் போயிருந்ததால், எப்படித் தொடங்குவது என்று சொல்லவும் ஆளில்லை.

தும்பி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த தாளில் எழுதியிருந்ததையே செய்தாள். கூடையிலிருந்து ஒரு குர்ருவை எடுத்துச் சீவினாள், கையெல்லாம் அரித்தது. ஓடும் நீர் வேண்டும், ஊற்றில் சொட்டுத்தான் இருந்தது. புளியமரத்தடித் தொட்டி வழிந்து ஓடுகிற இடத்தில், கூட்டுக் குடிநீரில், கூடையைக் கட்டிப் போட்டாள். ஏழு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆடு மாடு விரட்டினாள். எட்டாம் நாள் எடுத்து அவித்து, பாறையடிக்குக் கொண்டுபோய், வரிசையில் முதலில் இருந்த கெப்பியிடம் நீட்டினாள். கெப்பி முந்தின வருஷம் சடச்சியோடு சண்டை போட்டு முகம் முறித்துக்கொண்டவள், இடுப்பில் கைப்பிள்ளை. வாங்கி முகர்ந்தாள், நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். பிறகு சாதாரணமாக, ஒன்றுமே நடக்காததுபோல, "நீளெ" என்று சொல்லிக் கைப்பிள்ளைக்கு ஒரு துண்டு ஊட்டினாள். தும்பி தாளின் பின்புறம் அதை எழுதிக்கொண்டாள்.

அந்த லீவு முழுக்க எதையாவது கையில் எடுத்துக்கொண்டுபோய் நீட்டியபடி திரிந்தாள், கல், இலை, குடுக்கை, தேன். லீவு முடிவதற்குள் பதினாலு சொல் சேர்ந்தது. அதற்குள் ஊற்று நின்றுவிட்டது. கெப்பி கைப்பிள்ளை அழுகிறதென்று முதல் ஆளாகத் தொட்டிக்குப் போனாள், மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள், மூப்பன் கடைசியாகக் குடித்தார். குடித்து நிமிர்ந்து, "ஏனுங்க, பஸ் எத்தன மணிக்குங்க" என்றார். மலையில் அதற்கப்புறம் ஊலி என்பது ஒரு தாளின் பின்புறமும் ஒரு பிள்ளையின் நாக்கும்தான்.

விடுதிக்குப் போகிற அன்று புளியமரத்தடியில் தும்பி வேண்டுமென்றே ஒரு டம்ளர் கூட்டுத் தண்ணி பிடித்துக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு பதினாலையும் சொல்லிப் பார்த்தாள். பதினாலும் இருந்தன. அம்மாவிடம் ஓடிப் போய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள், சடச்சி பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். போய் வருகிறேன் என்பதற்கு மட்டும் பதினாலில் சொல் இல்லை. கிழங்கைக் கையில் எடுத்துக் காட்டலாம், போய் வருவதை எப்படிக் காட்டுவது? தும்பி பத்தடி நடந்து போனாள், திரும்பி வந்து நின்றாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார், பஸ்ஸில் இருந்தவர்கள் தமிழில் சத்தம் போட்டார்கள். மூன்றாம் தடவை பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது சடச்சியின் தாடை ஆடியது, தன்னிடம் இருந்த ஒரே சொல்லை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

"குர்ரு" என்றாள் சடச்சி.

"நீளெ" என்றாள் தும்பி, படியேறியபடி.